மணிக்கட்டில் ஒரு மனைவி

மச்சானுடைய மீசையில் இடது பாதி போய்விட்டது.

போய்விட்டது என்றால் தானாகப் போகவில்லை. சலூன்காரர்தான் அனுப்பிவைத்தார். மேலுதட்டின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த நாலைந்து மயிரை மட்டும் ஒதுக்கவேண்டிய இடத்தில் கத்தி ஒரு பிசகு பிசகி, மூக்குக்குக் கீழே வெளேரென்று ஒரு மைதானத்தை உண்டாக்கிவிட்டது. ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. தொழில்திறமைக்கு அதையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் ஒரு கணம் யோசித்தார். எடுத்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது.

மச்சான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். சலூன்காரருடைய மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி வைப்பதுதான் உத்தியோகம். அங்கே டிரைவர்களுக்கு அவர் பெயர் தெரியாது, மீசை தெரியும். வண்டி முன்னே பின்னே வந்தாலும் வரும், அந்த மீசையின் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பார்கள்.

"என்ன மாப்ள, கை நின்னுடுச்சு?"

"மச்சான், கண்ணத் தொறக்காதீங்க."

"ஏன்?"

"சும்மா. இன்னும் கொஞ்ச நேரம் நாம நல்லா இருப்போமே."

மச்சான் கண்ணைத் திறந்தார். எதிரே இருந்த கண்ணாடி எதையும் மறைக்கவில்லை. அது வந்த நாளிலிருந்தே அப்படித்தான். 

"மாப்ள," என்றார் மச்சான், ரொம்ப நிதானமாக. "இது என்ன?"

"இடது பக்கம், மச்சான்."

"அது தெரியுது. எங்க போச்சு?"

கீழே பார்க்கச் சொல்லலாமா என்று சலூன்காரருக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் விழுங்கிய நகைச்சுவைகள் மிகக் குறைவு. இதை அந்தச் சிறிய கணக்கில் சேர்க்கலாம்.

கத்தியைக் கழுவுகிற சாக்கில் வாஷ்பேசின்வரை இரண்டு தரம் நடந்து வந்தார். மீதிப் பாதியையும் எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எடுத்து முடித்துப் படிகாரக் கட்டியைத் தேய்த்தபோது, அந்த முகம் யாரோ பக்கத்து ஊரிலிருந்து வந்து தவறிப்போய் மச்சானுடைய சட்டையைப் போட்டுக்கொண்டது போல இருந்தது. மச்சான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். வாசற்படியில் நின்று, "குடிச்சிருக்கியா மாப்ள?" என்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

"இல்ல மச்சான்."

"குடிச்சிருந்தாலாவது வீட்ல சொல்றதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் இருந்தது. சலூன்காரருடைய இடது மணிக்கட்டில் கட்டியிருந்தது. அதை மச்சானிடம் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. வலியில் கை நழுவியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இது சந்தோஷத்தில் நழுவியது.

அது கறுப்பு ரப்பர்ப் பட்டை. நடுவில் நகத்தளவு ஒரு உலோகப் பொத்தான் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். சொன்ன நேரத்துக்குக் காலையில் முதலில் நடுங்கும். எழவில்லை என்றால் இன்னொரு தரம் நடுங்கும். அதற்கும் மசியவில்லை என்றால் ஷாக் கொடுக்கும். சின்ன ஷாக்தான், ஆனால் மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரை ஒரு எட்டு போய் வரும். எழுந்து கொஞ்ச தூரம் நடந்தால்தான் ஓயும். படுத்துக்கொண்டே கையை ஆட்டி ஏமாற்ற முடியாது. சலூன்காரர் முயன்று பார்த்திருக்கிறார்.

இது தவிர அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கெட்ட பழக்கத்தை விடுவிப்பது. சிகரெட் பிடிக்கிறவன் கையை வாயருகே கொண்டுபோவான் இல்லையா, கை அப்படி உயர்ந்து நின்றால் சுருக்கென்று ஒரு கடி. எறும்புக் கடி மாதிரி. பட்டையைச் செய்தவர்கள் நல்ல மூளைக்காரர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவரும் சலூன் வைத்தவர் இல்லை. நாள் முழுக்க அடுத்தவன் வாயருகே கையை உயர்த்திப் பிடித்துப் பிழைக்கிற ஆளும் உலகத்தில் உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. கன்னத்தை இழுத்துப் பிடித்தால் கடி. தாடையை நிமிர்த்தினால் கடி. மீசை ஒதுக்கினால் இரண்டு கடி. முதல் வாரம் சலூன்காரர் ஒவ்வொரு முகத்துக்கும் நடுவில் சின்னதாகத் துள்ளிக்கொண்டே வேலை பார்த்தார். "ஏதாவது பாட்டு ஓடுதா உள்ள?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

பிறகு பழகிவிட்டது. அந்த இடத்துத் தோல் வெளுத்து, சொரணை இல்லாமல் ஆகிவிட்டது. சுடுநீரில் நனைத்த துண்டை மணிக்கட்டில் போட்டு வாடிக்கையாளருக்குச் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். இப்போது அதற்கு வலது கையைத்தான் நம்பவேண்டியிருந்தது.

சிகரெட்டும் நின்றுபோனது. அதில் பட்டைக்குப் பங்கு ஒன்றுமில்லை. ஒளிந்து பிடிப்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் சிகரெட்டுக்கு ருசியில்லை, அவ்வளவுதான்.

பட்டையை வாங்கி வந்தது மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவரை எழுப்புவது அவள் வேலையாக இருந்தது. ஆபீஸ் போகிறவர்கள் போகிற வழியில் முகம் மழித்துக்கொண்டு போவார்கள், அதனால் விடிந்தும் விடியாமலும் கடையைத் திறந்தாக வேண்டும். அவரோ படுத்தால் கட்டை. அவள் விளக்கைப் போடுவாள். ஃபேனை நிறுத்துவாள். போர்வையை உருவுவாள். தோளைப் பிடித்து உலுக்குவாள். "எழுந்துட்டேன், எழுந்துட்டேன்" என்று அவர் தூக்கத்திலேயே சொல்வார். அந்தப் பதிலைச் சொல்வதற்கு அவருக்கு விழிப்பே தேவைப்பட்டதில்லை. அவளுடைய வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். சட்டத்துக்குத் தகுந்த மாதிரி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது. அந்தக் கடை வெயில் ஏறிய பிறகுதான் திறக்கும். அந்த விவரம் அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விவரங்களை எல்லாம் யார் எடுத்துவைத்து யோசிக்கிறார்கள்.

ஒருநாள் சின்ன டப்பா ஒன்றோடு வந்தாள். தன்னுடைய போனில் ஏதோ நோண்டி, நேரம் வைத்து, அவர் கையில் கட்டிவிட்டாள். அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன், அதில் இதெல்லாம் ஏறாது. அடுத்த நாள் காலை முழங்கைவரை ஷாக் ஏறி அவர் துள்ளி எழுந்தபோது, பக்கத்தில் அவள் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தூங்கி அவர் பார்த்ததே அன்றுதான். கொஞ்சம் வாயைத் திறந்திருந்தாள்.

அதற்கடுத்த வாரம், "அண்ணன் வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்," என்று பையை எடுத்தாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் பேசப் போயிருக்கலாம். அவர் ஏதோ ஜோக் அடித்தார், என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை. அவள் சிரித்தாள், போனாள். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. இப்போது கடைக்கு எதிரே தார் உருகுகிறது.

அவர் அழவில்லை. குடிக்கவில்லை. இளைத்துப் போகவும் இல்லை, அதுதான் அவருக்கே கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது. கைக்குக் கிடைத்ததை நின்றபடியே சாப்பிட்டார். துணியைத் துவைத்து நாற்காலி முதுகில் உலர்த்தினார், பிறகு அந்த நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றார். வாடிக்கையாளர்களிடம் வழக்கம்போல ஜோக் அடித்தார். அவர்கள் வழக்கம்போல சிரித்தார்கள். உள்ளே மட்டும் பல் பிடுங்குகிறவர் ஊசி போட்டுவிட்டு வெளியே போனது போல, திரும்பி வராதது போல இருந்தது.

காலையில் பட்டை கடிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் வேறு. ஏனென்றால் பட்டையை ஆட்டிவைப்பது அவளுடைய போன். அங்கே, அண்ணன் வீட்டில், இருட்டோடு எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, அவள் போனை எடுத்து அழுத்துகிறாள். அப்படித்தான் அவர் முடிவு கட்டியிருந்தார். நேரிலே வரமாட்டாள், பேச மாட்டாள், ஆனால் எழுப்பாமல் விடமாட்டாள். சில நாள் ஷாக் சுரீரென்று இருக்கும். கோபம் இன்னும் ஆறவில்லை. சில நாள் மெத்தென்று இருக்கும். இரக்கம் வந்துவிட்டது. சார்ஜ் குறைந்தால் எல்லாப் பட்டையும் மெத்தென்றுதான் கடிக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. கடி வந்ததும் எழுந்து, ஆளில்லாத அறையில், "எழுந்துட்டேன், எழுந்துட்டேன்," என்று சொல்வார். இப்போது விழித்துக்கொண்டு சொன்னார்.

அதனால்தான் அதைக் கழற்றவில்லை. கடையில் எறும்புக் கடி வாங்கினாலும் பரவாயில்லை என்று கட்டிக்கொண்டே இருந்தார். சார்ஜ் போட மட்டும் கழற்றுவார். டிரிம்மர் சொருகும் பிளக்கிலேயே அதையும் சொருகுவார்.

மச்சான் வந்த அன்று காலை அவர் எழுந்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டியிருந்தது. பட்டை செத்துக் கிடந்தது. முந்தின நாள் டிரிம்மரைச் சொருகிவிட்டு இதை மறந்திருக்கிறார். பதறிக்கொண்டு போய்க் கடையைத் திறந்து, முணுமுணுத்துக்கொண்டு நின்றவர்களைச் சமாளித்து, பட்டையைச் சார்ஜில் போட்டு, உயிர் வந்ததும் கட்டிக்கொண்டார். சாயங்காலம் நாலரை மணி வாக்கில் மச்சானுடைய மேலுதட்டில் கத்தியை வைத்திருந்தபோது, பட்டை நடுங்கியது. இன்னொரு தரம் நடுங்கியது. பிறகு முழங்கைவரை ஒரு ஷாக்.

எறும்புக் கடி இல்லை. காலைக் கடி. சாயங்காலத்தில்.

அவள் இந்த நேரத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டு, போனை எடுத்து, அழுத்தியிருக்கிறாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக உள்ளே எதுவோ அசைந்தது. அவர் குனிந்து மணிக்கட்டைப் பார்த்தார். கத்தி மட்டும் அவரைக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாளும் அதே வாக்கில் கடித்தது. அதற்கடுத்த நாளும். காலையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அவர் பாட்டுக்குத் தூங்கினார். கடை திறக்கும்போது ஆபீஸ்காரர்கள் தாடியோடு போய்விட்டிருந்தார்கள். அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. காலையில் எழுப்பினால் கடமை. சாயங்காலம் எழுப்பினால் பிரியம். அவள் கடமையிலிருந்து பிரியத்துக்கு மாறிவிட்டாள்.

ஆனாலும் யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. பக்கத்துக் கடைக்காரர் போன் ரிப்பேர் செய்கிறவர். போர்டில் 'போன் ஆஸ்பத்திரி' என்று போட்டிருந்ததால் தெருவில் எல்லாருக்கும் அவர் டாக்டர். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கண்ணே."

"இந்தப் பட்டை இருக்குல்ல. ஒருத்தங்க அவங்க போன்லேர்ந்து அழுத்தறாங்கன்னு வைங்க. எவ்வளவு தூரத்துலேர்ந்து வேலை செய்யும்?"

"அது புளூடூத்துண்ணே. இந்தா, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் போனாலே விட்டுப் போயி…" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் நிமிர்ந்தார். பூதக்கண்ணாடி வழியாக அவருடைய கண் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. "யாரு அழுத்தறாங்க?"

"வீட்ல."

டாக்டர் பூதக்கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சில மாடல் தூரத்துலயும் வேலை செய்யும்ணே."

"எவ்வளவு தூரம்?"

"அது… சிக்னல பொறுத்துண்ணே."

"இப்ப சிக்னல் எப்படி?"

"இப்பல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு," என்று டாக்டர் போனின் வயிற்றுக்குள் ரொம்ப ஆழமாகக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் நிமிரவே இல்லை. டீ வேண்டுமா என்று கேட்டபோதும் குனிந்தபடியே வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன். அம்மா பேசினாளா?"

"பேசினாங்க. மாமா மீசைய எடுத்துட்டீங்களாமே."

"பாதிதான் நான் எடுத்தேன். மீதி அவரு விருப்பம்."

மகள் சிரித்தாள். அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஏம்மா, அம்மா எப்ப வருவா? உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

அந்தப் பக்கம் கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மாவையே கேளுங்கப்பா."

"கேக்கலாம். நீ என்ன நெனைக்கிற?"

"அப்பா, எனக்கு கிளாஸ் இருக்கு. வெக்கறேன்."

"ஞாயித்துக்கெழமையா?"

"ஸ்பெஷல் கிளாஸ்ப்பா," என்று போன் வைக்கப்பட்டது.

அவளிடமே கேட்கலாம்தான். வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுவார்கள். பீரோ சாவி எங்கே, கரண்டுக்காரர் வந்தாரா, மொட்டை மாடிக் குழாய் ஒழுகுகிறதா. கேட்கவேண்டியது நாக்கு நுனிவரை வரும், அங்கே வந்ததும் அதற்கு வேஷம் மாறி ஒரு ஜோக்காக வெளியே போய்விடும். "என்ன, அண்ணன் வீட்ல நிரந்தரமாக்கிட்டாங்களா உன்னை?" என்பார். அவளும், "ஆமாம், பென்ஷன்கூட உண்டு," என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். வைத்துவிடுவார்கள். பட்டை கடித்துக்கொண்டிருக்கும்வரை கேட்கவேண்டிய அவசியமும் இல்லை என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

அவள் வந்தது செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு மணி தாண்டி, கடையில் ஆள் இல்லாத நேரம். அவர் கத்தரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில்தான் முதலில் பார்த்தார். வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டு நின்றாள். முகம் கொஞ்சம் உப்பினாற்போல் தெளிவாக இருந்தது. கண்ணுக்குக் கீழே எப்போதும் இருக்கும் கருப்பைக் காணவில்லை. இளமையாகிவிட்டாள் என்று நினைத்தார். இதைப் பாராட்டாகச் சொல்லலாமா, வேண்டாமா என்று தெரியவில்லை.

"வா," என்றார். "முடி வெட்டணுமா, ஷேவிங்கா?"

"அண்ணனுக்குப் பண்ணினதே போதும்."

பெஞ்சு முழுக்கப் பழைய பேப்பர் கிடந்ததால் அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் போட்டாள். அவர் பழக்கதோஷத்தில் பின்னால் போய் நின்றுகொண்டார். கண்ணாடி வழியாகவே பேசினார்கள்.

"மச்சான் எப்படி இருக்காரு?"

"டிப்போவுக்கு மூஞ்சிய மூடிக்கிட்டு மாஸ்க் போட்டுட்டுப் போறாரு. சளின்னு சொல்லியிருக்காராம். அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப அண்ணி, 'அவரு இன்னும் வரல, அப்புறமா வாங்க'ன்னுட்டாங்க."

அவர் சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு அவருடைய கையைப் பார்த்தாள்.

"கையில ஏதாவது நோவா?"

"இல்லையே."

"நெஜமாத்தான் கேக்கறேன். உங்களுக்குக் கத்தி புடிச்ச கை பிசகி நான் பாத்ததே இல்ல. தூங்கி வழிஞ்சுக்கிட்டே ஷேவ் பண்ணுவீங்க, அப்பகூட ஒரு கீறல் விழாது. அண்ணனும் அதான் சொன்னாரு. கோவமா இல்ல, பயந்து போயிருக்காரு. நடுக்கம் கிடுக்கம் ஏதாவது வந்திருந்தா டாக்டர்கிட்ட போங்க. பக்கத்துல இருக்கறவரு இல்ல, நெஜ டாக்டரு."

"நடுக்கமெல்லாம் இல்ல." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "இதுதான். மச்சான் உக்காந்திருந்தப்ப கடிச்சுது. குனிஞ்சு பாத்தேன்."

அவள் கண்ணாடியில் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பி நேராகவே பார்த்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்து, பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி, அடியில் வெளுத்துக் கிடந்த தோலைக் கட்டை விரலால் தடவினாள். தடவுவது அவருக்குத் தெரிந்தது, பார்ப்பதால் தெரிந்தது. தோலுக்குத் தெரியவில்லை.

"இதை ஏன் இன்னும் கட்டிட்டிருக்கீங்க?"

"எழுப்பறதுக்கு."

"கடையிலயுமா? இங்க கடிச்சுக்கிட்டே இருக்குமே. சிகரெட்டுக்கு வெச்சது."

"இருக்கும். பழகிடுச்சு."

"கழட்டி வெச்சுட்டு வரவேண்டியதுதானே."

"கழட்டினா நீ…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். வழக்கம்போல ஒரு ஜோக் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. இத்தனை நாள் கூப்பிடாமலே வந்தவை எல்லாம் எங்கே போய்விட்டன என்று தெரியவில்லை.

அவள் கையை விட்டுவிட்டு மறுபடி கைப்பிடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வருகிற சத்தம் கேட்டது. யாரோ "வா, வா, வா, நில்லு" என்றார்கள்.

அப்போது பட்டை நடுங்கியது.

இன்னொரு தரம் நடுங்கியது. பிறகு முழங்கைவரை ஏறியது. அவர் அசையவில்லை. கண்ணாடியில் அவளுடைய இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் விரிந்து நாற்காலியின் கைப்பிடி மேல் கிடந்தன. நகங்களில் லென்ஸ் தேய்க்கிற வெள்ளைத் தூள் இருந்தது. போன் பைக்குள் இருந்தது. பை தரையில் இருந்தது. பட்டை மறுபடி கடித்தது.

"இப்பவா அடிக்குது?" என்றாள் அவள். "சாயங்காலத்துலயா? சார்ஜ் தீர விட்டுட்டீங்களா?"

"ஒரு நாள் விட்டுட்டேன்."

"விட்டா அதோட மணி புரண்டுடும். திரும்ப உயிர் வர்ற நேரத்தை அது நடுராத்திரின்னு நெனச்சுக்கும். அப்புறம் நமக்குச் சாயங்காலம் ஆறப்ப அதுக்கு விடியும். டப்பாவுலயே போட்டிருந்துச்சு. கொஞ்சம் நடங்க, அப்பத்தான் நிக்கும்."

அவர் நடந்தார். வாசல்வரை போனார், திரும்பி வாஷ்பேசின்வரை வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார். பட்டை ஓய்ந்தது. அவர் பழைய இடத்துக்கு வந்து நின்றார்.

"அப்ப காலையில…" என்றார். "நீ அழுத்தறதில்லையா?"

"எதை?"

"உன் போன்ல."

அவளுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"முதல் நாள் நேரம் வெச்சேன். அதோட சரி. அது தானா அடிக்குது. அங்கேர்ந்து இங்கல்லாம் வராது அது. போன்ல இடம் இல்லன்னு அப்பவே அழிச்சுட்டேன்."

"எப்பவே?"

"நாலு மாசம் முன்னாடி. அண்ணன் வீட்டுக்குப் போனேனே, அந்த வாரத்துலயே."

அவர் தலையை ஆட்டினார். கத்தரியை எடுத்து வைத்தார். எடுத்து வைத்ததை மறுபடி எடுத்து, எண்ணெயைத் துடைத்தார். வலிக்கும் என்று எதிர்பார்த்தார். எதிர்பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெளுத்த தோல் மாதிரி ஒரு அமைதி. சொரணை வரட்டும், கொஞ்சம் நேரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டார். கால் மரத்துப்போனால் அப்படித்தானே, முதலில் ஒன்றும் தெரியாது.

"டாக்டர்கிட்ட கேட்டேன்," என்றார். "சிக்னல பொறுத்துன்னாரு. பொண்ணுகிட்ட கேட்டேன். கிளாஸ் இருக்குன்னா. மச்சானை எப்பக் கேட்டாலும் பாக்கலாம் மாப்ளங்கறாரு. யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

"என்னைக் கேக்கலியே நீங்க."

"ஆமாம்."

"எனக்கும் சொல்றதுக்கு வாய் வரல. நீங்க ஜோக் அடிச்சா நானும் அடிச்சுட்டு வெச்சுடுவேன்."

"ஆமாம்." கத்தரியைக் கீழே வைத்தார். "எப்ப வருவ?"

அவள் காலால் தரையை உந்தி, நாற்காலியைத் திருப்பினாள். கண்ணாடி அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"எனக்குக் கடை பத்து மணிக்குத்தாங்க. அத்தனை வருஷமா நான் இருட்டுல எழுந்தது உங்களை எழுப்பறதுக்கு மட்டும்தான். உங்களை எழுப்பி, நீங்க எழுந்துட்டேன்னு சொல்லிட்டுத் தூங்கி, திரும்ப எழுப்பி, நீங்க கடைக்குப் போனப்புறம் எனக்குத் தூக்கம் வராது. அன்னிக்கு அது உங்களை எழுப்பினப்ப நான் திரும்பிப் படுத்தேன் பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுது நான் எவ்வளவு களைச்சிருக்கேன்னு. இப்ப எட்டு மணி வரைக்கும் தூங்கறேன். யாரும் என்னை எழுப்பறதில்ல, நானும் யாரையும் எழுப்பறதில்ல. உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணும் கெடையாது. முடி வெட்டிக்க அண்ணன் வருவாரு, நானும் அப்பப்ப வந்து பாப்பேன். ஆனா வீட்டுக்கு வரமாட்டேன்."